அம்ரபாலி: கடன் கொடுத்தவர்களின் கண் எங்கே இருந்தது?

2019 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் யு.யு.லலித்தும் டெல்லியை ஒட்டிய நொய்டாவின் பில்டர் குழுமமான அம்ரபாலி மீது கொடுத்த தீர்ப்பை, பணம் கட்டிவிட்டு வீடு கிடைக்காமல் அலைந்த 42,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் கதையாகத்தான் பெரும்பாலும் பேசினார்கள். அது நியாயம்தான். ஆனால் என்னைப் போல வங்கிகளுக்காக சைட்டுக்குப் போய் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது, கொடுத்த பணம் அங்கேதான் போயிருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வாசிக்கக் கிடைக்கும். பில்டர் என்ன செய்தார் என்பதைவிட, கடன் கொடுத்தவர்களும் நிலம் கொடுத்தவர்களும் எதையெல்லாம் பார்க்கவில்லை என்பதுதான் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

எங்கள் தொழிலில் இந்த வேலைக்கு லெண்டர்ஸ் இண்டிபெண்டெண்ட் இன்ஜினியர் என்று பெயர், வாயில் எல்ஐஇ. சாலை, மின்நிலையம் போன்ற பெரிய திட்டக் கடன்களில் இது ரொம்ப நாளாக வழக்கத்தில் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல இடங்களில் பேருக்குத்தான் இருந்தது. கடன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு அறிக்கை போகும், அதில் நாலு போட்டோவும், வேலை எவ்வளவு முடிந்தது என்று ஒரு சதவீதமும் இருக்கும். அந்தச் சதவீதத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன், ஏனென்றால் அம்ரபாலி மாதிரி ஒரு ஓட்டை வருஷக்கணக்கில் தெரியாமல் இருப்பதற்கு அந்த ஒற்றை எண்ணே போதும்.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நொய்டா, கிரேட்டர் நொய்டா பக்கம் 2000-களின் கடைசியில் நிலம் ஏலத்துக்கு வந்தபோது, 2008 மந்தநிலையைக் காரணம் காட்டி விதிகளைத் தளர்த்தியிருந்தார்கள். மொத்த விலையில் 10 சதவீதம் கட்டினால் நிலம் குத்தகைக்குக் கிடைக்கும், மீதியைத் தவணையில் கட்டலாம். அம்ரபாலி இப்படிப் பல மனைகளை எடுத்தது. சிலிக்கான் சிட்டி, சஃபையர், சோடியாக், ட்ரீம் வேலி, லெஷர் பார்க், சென்டூரியன் பார்க் என்று திட்டத்துக்கு ஒரு பெயர், பெரும்பாலும் திட்டத்துக்கு ஒரு கம்பெனி. எல்லாவற்றுக்கும் தாய்க் கம்பெனி அல்ட்ரா ஹோம் கன்ஸ்ட்ரக்‌ஷன். விளம்பரத் தூதர் நம்ம தோனி. வீடு வராத கோபத்தில் குடியிருப்போர் சமூக ஊடகத்தில் அவரைப் பிடித்துக் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் 2016 ஏப்ரலில் அந்தப் பொறுப்பை விட்டு விலகினார்.

பணம் மூன்று வாசல் வழியாக உள்ளே வந்தது. வீடு பதிவு செய்தவர்கள் கொடுத்த முன்பணமும் தவணையும் ஒன்று, அதில் பெரும்பகுதி அவர்கள் பெயரில் வீட்டுக்கடனாக வங்கியிலிருந்து நேராக பில்டருக்குப் போனது. திட்டத்தை அடமானம் வைத்து பில்டர் வாங்கிய கடன் இரண்டாவது. முதலீட்டு நிறுவனங்கள் போட்டது மூன்றாவது. நிலத்துக்காரர்களான நொய்டா, கிரேட்டர் நொய்டா ஆணையங்களுக்குச் சேர வேண்டிய தவணைகளோ பாக்கி மேல் பாக்கியாகவே கிடந்தன. ஆக, கிட்டத்தட்ட மொத்தமும் அடுத்தவர் காசு. 2017-இல் பேங்க் ஆஃப் பரோடா தன் கடனுக்காக கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் மனு போட்டது. திவால் சட்டத்தில் வீடு வாங்கியவர்களுக்கு அப்போது வரிசையில் ஒரு இடமே கிடையாது (கடன் கொடுத்தவர்களுக்குச் சமமாக அவர்களைச் சேர்த்தது 2018 ஜூனில்தான்). அதனால் அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். நீதிமன்றம் முதலில் கணக்கு கேட்டது. கம்பெனி இழுத்தடித்தது. 2018 அக்டோபரில் ஆவணங்களைக் கொடுக்காததற்காக நிர்வாக இயக்குநரையும் இரண்டு இயக்குநர்களையும் போலீஸ் காவலில் வைக்கச் சொல்லும் நிலைக்குப் போனது. தடயவியல் தணிக்கையாளர்கள் இருவர் நியமிக்கப்பட்டார்கள்.

அவர்கள் கொண்டுவந்த கணக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீடு வாங்கியவர்களின் பணத்தில் 3,000 கோடிக்கும் மேல் திட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது. ஆபீஸ் பையன்கள், டிரைவர்கள் பெயரில் கம்பெனிகள். சதுர அடி 1 ரூபாய்க்கும், 5 ரூபாய்க்கும், 11 ரூபாய்க்கும் பதிவாகியிருந்த வீடுகள். 655 பேர் பெயரில் பினாமிப் பதிவுகள் இருப்பதாகச் சொன்னார்கள், அதில் 122 முகவரிகளில் போய்ப் பார்த்தால் அப்படி யாருமே இல்லை. இது போக கட்டுமானப் பொருள் வாங்கியதாகப் போலி பில்கள், சப்ளையர் என்று காட்டிய இடத்தில் வெறும் பெயர்ப்பலகைகூட இல்லாத நிறுவனங்கள்.

படிக்கிறவர்களுக்கு எழும் கேள்வி எனக்கும் எழுந்தது. இத்தனையும் நடக்கும்போது கட்டடம் எழும்பிக்கொண்டேதானே இருந்தது, வங்கிக்காரர்கள் போய்ப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? போய்ப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது என்பதுதான் என் பதில். எப்படி என்று சொல்கிறேன்.

ஸ்லாப் போட்டாச்சு, காசு கொடு

அடுக்குமாடி விற்பனையில் பணம் கேட்கும் முறை உங்களுக்குத் தெரியும். பதிவுக்கு இவ்வளவு, அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, அப்புறம் ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் இவ்வளவு. கடைசி ஸ்லாப் போடும்போது பெரும்பாலான திட்டங்களில் வீட்டு விலையில் 85 சதவீதம் வாங்கிவிடுவார்கள். பூச்சு, டைல்ஸ், சாவி என்று மீதிக்குக் கொஞ்சம்தான் வைத்திருப்பார்கள்.

ஆனால் செலவு அந்த வரிசையில் வருவதில்லை. தூண், பீம், ஸ்லாப் என்று எலும்புக்கூடு முடிவதற்குள் கட்டுமானச் செலவில் தோராயமாகப் பாதிதான் ஆகியிருக்கும். மீதிப் பாதி அதற்கப்புறம்: செங்கல் வேலை, பூச்சு, பிளம்பிங், எலக்ட்ரிக்கல், லிஃப்ட், ஜன்னல், தீயணைப்புக் குழாய்கள், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், சுற்றுச்சாலை. இதில் எதுவும் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. இருபது மாடி எழும்பி நிற்கிற கட்டடத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது முக்கால்வாசி முடிந்த வேலை.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு டவர், எல்லா வீடும் விற்றாயிற்று, மொத்த விற்பனை 160 கோடி. கட்டுவதற்கு 100 கோடி. நிலம், வட்டி, விற்பனைச் செலவு எல்லாம் சேர்த்து 35 கோடி. லாபம் 25 கோடி. மேல் ஸ்லாப் போட்ட அன்றைக்கு வாங்கியவர்களிடமிருந்து 85 சதவீதம், அதாவது 136 கோடி வந்திருக்கும். கட்டுமானத்துக்கு 50 கோடி போயிருக்கும், மற்ற செலவு 35 கோடியும் போய்விட்டது என்று வையுங்கள். அப்படியென்றால் கணக்கில் 51 கோடி இருக்க வேண்டும். இன்னும் வர வேண்டியது 24 கோடி. செய்ய வேண்டிய வேலை 50 கோடி. 51-உம் 24-உம் சேர்த்து 75, எனவே வேலையை முடித்துவிட்டு லாபத்தை எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்போது அந்த 51 கோடியை எடுத்து வேறு ஊரில் புது நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். சைட்டில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. எல்ஐஇ அறிக்கையில் "50 சதவீதம் முடிந்தது, அட்டவணைப்படி நடக்கிறது" என்று வரும். அது பொய்யும் இல்லை. ஆனால் 50 கோடி வேலைக்கு 24 கோடிதான் வரப்போகிறது, 26 கோடி ஓட்டை. அந்த ஓட்டை எந்தப் போட்டோவிலும் விழாது. அடுத்த திட்டத்தில் பதிவு நடக்கிற வரைக்கும் அங்கே வருகிற முன்பணத்தை வைத்து இங்கே வேலை ஓடும். பதிவு நின்ற மாதம் கிரேன் நிற்கும்.

அம்ரபாலியில் நடந்தது இதன் பெரிய வடிவம். பாக்கி வேலையை முடிக்க என்ன ஆகும் என்று பிற்பாடு மத்திய அரசின் கட்டுமான நிறுவனமான என்பிசிசி போட்ட மதிப்பீடு 8,000 கோடிக்கு மேல். வீடு வாங்கியவர்கள் இன்னும் கட்ட வேண்டியிருந்த தொகை அதைவிட மிகக் குறைவு. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் ஒருவர் 2013-இலோ 2014-இலோ எழுதிப் பார்த்திருந்தால் இந்த ஓட்டை அப்போதே தெரிந்திருக்கும். என் அனுபவத்தில் கண்காணிப்பு அறிக்கையில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இதுதான். எவ்வளவு முடிந்தது என்பதல்ல, முடிக்க இன்னும் எவ்வளவு வேண்டும், அது எங்கிருந்து வரப்போகிறது. பல வங்கி வடிவங்களில் இந்தக் கேள்வி கடைசிப் பக்கத்தில், "பில்டர் கொடுத்த தகவலின்படி" என்ற குறிப்போடு வரும்.

கம்பிக் கணக்கு

போலி பில் என்பது ஏதோ தடயவியல் நிபுணர்களுக்கு மட்டும் அகப்படுகிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். அளவு தெரிந்த இன்ஜினியருக்கு ஒரு மதியத்தில் வேலை.

நொய்டா நிலநடுக்க மண்டலம் நான்கில் வருகிறது. அங்கே இருபது மாடிக் குடியிருப்புக்கு சதுர அடிக்கு நாலரைக் கிலோ கம்பி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், டிசைனைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும் இறங்கும். 3 லட்சம் சதுர அடி டவர் என்றால் 1,350 டன். கணக்குப் புத்தகத்தில் அந்த டவருக்கு 2,000 டன் வாங்கியதாக இருந்தால், 650 டன் எங்கே? லாரிக்கு 25 டன் என்று வைத்தால் 26 லாரி கம்பி. டன் 45,000 ரூபாய் என்றால் மூன்று கோடிக்குப் பக்கம். சைட்டில் கிடக்கிறதா என்று பார்த்தால் கிடக்காது. எடைமேடைச் சீட்டு எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். கேட் ரிஜிஸ்டரில் அந்தத் தேதியில் வண்டி உள்ளே வந்த பதிவே இருக்காது. வாட்ச்மேன் பொய் எழுத வேண்டிய தேவை யாருக்கும் தோன்றியிருக்காது, ஏனென்றால் வங்கிக்காரர் யாரும் அவருடைய நோட்டைக் கேட்பதே இல்லை. நான் கேட்பேன். ஆபீஸில் ஏசியில் கொடுக்கிற ஃபைலைவிட, மழையில் நனைந்து ஓரம் மடங்கின அந்த நோட்டில் உண்மை அதிகம்.

கம்பியைப் போலவே ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கும் கணக்கு உண்டு. ஊற்றிய கன அளவு வரைபடத்தில் இருக்கிறது, பில்லில் இருக்கிற கன அளவோடு ஒப்பிட வேண்டியதுதான். கியூப் டெஸ்ட் (ஊற்றிய கான்கிரீட்டின் வலிமைச் சோதனை) அறிக்கைகளை எண்ணினாலே எத்தனை நாள் கான்கிரீட் ஓடியது என்று தெரிந்துவிடும். ஆனால் இதற்கெல்லாம் சைட்டைப் பார்க்கிறவரும் பில்லைப் பார்க்கிறவரும் ஒருவராக இருக்க வேண்டும், இல்லை குறைந்தபட்சம் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். நடப்பது என்னவென்றால் இன்ஜினியர் கட்டடத்தைப் பார்த்துச் சதவீதம் எழுதுவார், சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் புத்தகத்தைப் பார்த்துச் செலவுச் சான்றிதழ் கொடுப்பார். 60 சதவீதம் வேலை, 60 சதவீதம் செலவு, இரண்டும் பொருந்துகிறது என்று வங்கி அடுத்த தவணையை விடும். பொருந்தத்தான் செய்யும். பொருந்துகிற மாதிரிதானே பில் போடுவார்கள்?

இது எப்படிச் சின்ன அளவில் நடக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்று. சென்னைக்கு வெளியே ஒரு திட்டம், பெயர் வேண்டாம். அந்த முறை வந்த ஆர்ஏ பில்லில் (வேலை நடக்க நடக்கப் போடுகிற பில்), சைட்டில் இருப்பில் உள்ள பொருட்கள் என்று லிஃப்ட் சாமான்களுக்குப் பெரிய தொகை போட்டிருந்தார்கள். காட்டச் சொன்னேன். பேஸ்மெண்டில் தார்ப்பாய் போட்டு மூடின மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, எண்ணிக்கையும் சரி. தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் விலக்கச் சொன்னதும் சைட் இன்ஜினியர் தம்பி தயங்கினான். பெட்டியின் பக்கவாட்டில் லிஃப்ட் கம்பெனிக்காரன் ஸ்டென்சிலில் அடித்திருந்த திட்டப் பெயர் வேறு, அதே பில்டரின் இன்னொரு சைட்.

"இது அந்த சைட்டோட லிஃப்ட் தானேப்பா?"

"ஆமா சார், அங்க இடம் இல்லைன்னு தற்காலிகமா இங்க வச்சிருக்கோம் சார்."

"அப்ப இங்க எதுக்கு பில்லு?"

"ஹெட் ஆபீஸ்ல போட்டது சார், எனக்குத் தெரியாது."

அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம். அந்தத் தொகையை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதினேன். இன்னொரு வங்கி அந்த இன்னொரு சைட்டுக்குக் கடன் கொடுத்திருந்ததே, அங்கேயும் இதே பெட்டிகளுக்குப் பணம் போயிருக்குமா என்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அது என் எல்லைக்குள் வராது. ஒரே குழுமத்தில் பத்துக் கம்பெனி, பத்துக் கடன், பத்து எல்ஐஇ என்று இருந்தால் ஒவ்வொருவரும் அவரவர் வேலிக்குள் மட்டும்தான் பார்ப்போம். அம்ரபாலியில் தாய்க் கம்பெனிக்கும் பிள்ளைக் கம்பெனிகளுக்கும் நடுவில் பணம் ஓடிய விதத்தை எந்தத் தனித் திட்டத்துக் கண்காணிப்பாளரும் முழுசாகப் பார்த்திருக்க முடியாது. அதற்கு வங்கிகள் தங்களுக்குள் பேசியிருக்க வேண்டும்.

அடமானத்தில் இருந்த நிபந்தனை

நீதிமன்றம் வங்கிகளைக் கடிந்துகொண்டதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, பணம் எதற்குப் போகிறது என்று பார்க்காமல் விட்டார்கள் என்பதோடு நிற்காத இன்னொரு விஷயம். குத்தகை நிலத்தை அடமானம் வைக்க ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதம் கொடுத்தார்கள், ஆனால் நிலத்துக்குரிய பாக்கியைக் கட்டினால்தான் அது செல்லும் என்ற நிபந்தனையோடு. பாக்கி கட்டப்படவில்லை. வங்கிகள் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு கடனைக் கொடுத்தார்கள், நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கவில்லை. ஆணையங்களும் பாக்கியை வசூலிக்காமல் சும்மா இருந்தார்கள். கடைசியில் நீதிமன்றம் சொன்னது: வங்கியோ ஆணையமோ தங்கள் பாக்கிக்காக வீடு வாங்கியவர்களின் திட்டங்கள் மேல் கைவைக்க முடியாது, அம்ரபாலியின் மற்ற சொத்துகளில், இயக்குநர்களின் சொத்துகளில் தேடிக்கொள்ளுங்கள்.

கடன் கொடுத்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. முதல் உரிமை நமக்குத்தான் என்று நம்பிக் கொடுத்த கடன், ஒரு பக்கக் கடிதத்தின் நிபந்தனை வரியால் வெறுங்கையாகிவிட்டது. எல்ஐஇ வேலை என்றால் கான்கிரீட் பார்ப்பது மட்டும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அனுமதிகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் நிபந்தனையும் அது நிறைவேறிய தேதியும் நம் அறிக்கையில் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். சலிப்பான பக்கம்தான், யாரும் படிக்க மாட்டார்கள், ஆனாலும் எழுத வேண்டும்.

கணக்கு பார்த்தவர் விஷயமும் இதோடு சேர்ந்தது. அந்தக் கம்பெனிகளின் சட்டபூர்வ தணிக்கையாளர் தன் கடமையைச் செய்யவில்லை என்று நீதிமன்றம் கண்டு, அவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகளை ஒழுங்குபடுத்துகிற ஐசிஏஐ அமைப்புக்கு அனுப்பியது. கடன் பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போனது என்பதற்கு வங்கிகள் வழக்கமாக வாங்குவது இப்படி ஒரு அக்கவுண்டண்ட் சான்றிதழ்தான், அவரை நியமிப்பதும் அவருக்கு ஃபீஸ் கொடுப்பதும் கடன் வாங்கினவர். எல்ஐஇ ஃபீஸும் கடைசியில் கடன் வாங்கினவர் தலையில்தான் விழுகிறது, அதை மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் நியமிப்பது வங்கி, அறிக்கை போவது வங்கிக்கு, ஃபீஸ் வங்கி வழியாக வர வேண்டும். பில்டர் ஆபீஸில் போய் ஃபீஸ் செக்குக்காகக் காத்திருக்கிற எல்ஐஇ எழுதுகிற அறிக்கை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிக் காத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

கோர்ட் கட்டிய கண்காணிப்பு

தீர்ப்புக்கு அப்புறம் வந்த ஏற்பாடு, என்னைப் பொறுத்தவரை, முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு. அம்ரபாலியின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு ரத்து. ஆணையங்கள் கொடுத்த குத்தகைகள் ரத்து, உரிமை எல்லாம் கோர்ட் ரிசீவரிடம், அதாவது சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிக்கிற பொறுப்பாளரிடம். மூத்த வழக்கறிஞர் ஆர்.வெங்கடரமணி ரிசீவர் ஆனார் (2022 அக்டோபரில் அட்டர்னி ஜெனரலானவர் இவர்தான்). கட்டுகிற பொறுப்பு என்பிசிசிக்கு, 8 சதவீதக் கமிஷனில். வீடு வாங்கியவர்கள் மீதித் தொகையை உச்ச நீதிமன்ற வளாகத்தில் உள்ள யூகோ வங்கிக் கிளையில் திறந்த கணக்கில் கட்ட வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து பணம் வெளியே போக வேண்டுமென்றால் நீதிமன்றத்தின் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கவனித்துப் பாருங்கள், பணம் வைத்திருப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர், அனுமதிப்பவர் மூன்றாமவர். பழைய அம்ரபாலியில் மூன்றும் ஒரே ஆள். இந்தப் பிரிவு வந்தபிறகுதான் புதுப் பணமும் வந்தது. நின்றுபோன திட்டங்களுக்காக 2019 நவம்பரில் மத்திய அரசு அறிவித்து எஸ்பிஐகேப் வென்ச்சர்ஸ் நடத்துகிற ஸ்வாமி நிதியிலிருந்து 650 கோடி. 2022-இல் வங்கிகள் கூட்டாக 1,500 கோடி, கூட்டுக்குத் தலைமை தாங்கியது 2017-இல் திவால் மனு போட்ட அதே பேங்க் ஆஃப் பரோடா. அதே கட்டடங்கள்தான், இன்னும் பழசாகி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் துரு ஏறி. ஆனால் இந்த முறை பணம் எந்தக் கணக்கில் விழுகிறது, எந்தக் கணக்கிலிருந்து எதற்குப் போகிறது என்று வங்கிக்குத் தெரியும்.

இதையும் கொண்டாட வேண்டியதில்லை. மதிப்பீடு போடுவதும் டெண்டர் விடுவதும் மேற்பார்வை பார்ப்பதும் எல்லாம் என்பிசிசியே, கமிஷனும் செலவில் சதவீதம், அதாவது செலவு ஏறினால் கமிஷனும் ஏறும். அதற்கு மேலே உட்கார்ந்து கேள்வி கேட்டது நாட்டின் உச்ச நீதிமன்றம். ஆயிரக்கணக்கான வீடுகள் கைக்கு வந்ததும் உண்மை, 2010 வாக்கில் பதிவு செய்தவர்கள் பத்து வருஷத்துக்கும் மேல் வாடகையும் இஎம்ஐயும் சேர்த்துக் கட்டியதும் உண்மை. உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு நின்றுபோன அடுக்குமாடிக்கும் எல்ஐஇ வேலை பார்க்க முடியாது.

சரி, இப்போது என்ன மாறியிருக்கிறது? 2016-இல் வந்த ரெரா சட்டத்தில், வாங்குபவர்களிடம் பெறுவதில் 70 சதவீதம் தனிக் கணக்கில் போக வேண்டும், நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும் எடுக்க வேண்டும், வேலை முடிந்த விகிதத்துக்குத்தான் எடுக்க வேண்டும், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் மூவரும் சான்றளிக்க வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மூவரையும் அமர்த்துவது பில்டர் என்பது ஒரு பலவீனம். நில விலையும் அந்த 70-க்குள்ளேயே வருவதால், நிலத்தை விலை ஏற்றிக் காட்டினால் ஆரம்பத்திலேயே கணிசமாக எடுத்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய பலவீனம், ஆனால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

வங்கிகள் பக்கம் மாற்றம் மெதுவாக வந்தது. கட்டுமானத்தின் நிலைக்கு ஏற்பத்தான் வீட்டுக்கடனைப் பில்டருக்கு விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருந்தது. அதை எவ்வளவு பேர் மதித்தார்கள் என்பதற்கு, டெல்லி வட்டாரத்தில் பில்டர்களும் வங்கிகளும் கைகோத்ததாகச் சொல்லப்படுவதை விசாரிக்க 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிபிஐக்கு உத்தரவிட வேண்டியிருந்ததே போதும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டக்கடன் நெறிமுறைகளில்தான், வேலை நடந்த அளவுக்கும் பில்டர் தன் பங்கு முதலைப் போட்ட அளவுக்கும் ஏற்பவே கடன் விட வேண்டும், நிலைகளை எல்ஐஇயோ ஆர்க்கிடெக்டோ சான்றளிக்க வேண்டும் என்று தெளிவாக வந்திருக்கிறது. பில்டரின் பங்கு முதல் என்ற சொல் அதில் இருப்பது எனக்குச் சந்தோஷம். அம்ரபாலியில் அது ஏறக்குறைய இல்லாத ஒன்று. ஆனால் நிலையைச் சான்றளிப்பது என்பது மறுபடியும் அந்தப் பழைய சதவீதத்தில் போய் நின்றுவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. முடிக்க ஆகும் செலவுக்கும் இனி வரப்போகும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு தவணைக்கு முன்னாலும் எல்ஐஇ கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று வங்கிகள் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் தேவலை. எழுதக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

வீடு வாங்கப் போகிறவர்கள் இதில் பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. ரெராவில் பதிவான ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவான வீடுகளின் எண்ணிக்கையையும் வேலை நிலவரத்தையும் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தமிழ்நாட்டிலும் அப்படித்தான். எத்தனை வீடு விற்றிருக்கிறது, உங்கள் ஒப்பந்தத்தின் தவணைப்படி இதுவரை எவ்வளவு வாங்கியிருப்பார்கள், இன்னும் எவ்வளவுதான் வர பாக்கி என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். அப்புறம் சைட்டுக்குப் போங்கள். மேல் ஸ்லாப்பை அண்ணாந்து பார்க்க வேண்டாம். லிஃப்ட் குழியில் தண்டவாளம் பொருத்தியிருக்கிறார்களா, ஷாஃப்ட்டில் குழாய் இறங்கியிருக்கிறதா, ஜன்னல் வந்துவிட்டதா, கழிவுநீர்த் தொட்டிக்குக் குழியாவது தோண்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். விலையில் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் வாங்கின பிறகும் இதில் எதுவும் ஆரம்பிக்கவில்லை என்றால், மிச்ச வேலைக்குப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கடனின் அடுத்த தவணையை விடுகிற வங்கி மேனேஜருக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு நகல் போடுங்கள்.